கேன்சர் ரிசர்ச்ல சம்மர் ட்ரெய்னிங்: தர்மபுரி, கிருஷ்ணகிரி ஸ்டூடண்ட்ஸ் கேக்குற கேள்விங்க

லீவு நெருங்குனா போதும், வாட்ஸ்அப்ல ஒரே கேள்விதான் வருது, "சார் கேன்சர்ல ஏதாச்சும் ரிசர்ச் பண்ணணும், எங்க போறது, யாரைப் புடிக்கறது". ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி முடியல, அதனால மொத்தமா இங்கயே போட்டுடறேன். நான் கம்யூனிட்டி மெடிசின் ஆளு, அதனால லேபை விட ஊர்ப்பக்கம், ரெஜிஸ்டர் பக்கம் கொஞ்சம் சாஞ்சுதான் பேசுவேன், அதை மனசுல வச்சுக்கிட்டே படிங்க.

சம்மர் ரிசர்ச்னா என்ன சார், கோச்சிங் மாதிரி க்ளாஸ் எடுப்பாங்களா?

க்ளாஸ் எல்லாம் கொஞ்சம்தான். ஒரு கைட் கூட ரெண்டு மாசம் உக்காந்து, ஒரே ஒரு கேள்வியை எடுத்து, அதுக்கு டேட்டா சேத்து, எண்ணிப் பாத்து, ரிப்போர்ட் எழுதிக் குடுக்கறது. அவ்ளோதான். புது மருந்து கண்டுபுடிக்கப் போறேன்னு நெனச்சுட்டு வர்றவங்க மொத வாரத்துலயே சோர்ந்து போயிடறாங்க. ஒரு கேஸ் ஷீட்டை ஒழுங்கா படிச்சு அதுல இருக்கறதையும் இல்லாததையும் குறிச்சுக்கத் தெரிஞ்சுக்கிட்டா இந்த ரெண்டு மாசம் உருப்படியா போச்சுன்னு அர்த்தம்.

இதுக்கு கவர்மெண்ட் ஸ்கீம் ஏதாச்சும் இருக்கா? ஸ்டைபெண்ட் வருமா?

இருக்கு. ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், நடத்துற ஷார்ட் டெர்ம் ஸ்டூடண்ட்ஷிப், எஸ்டிஎஸ்னு சொல்வாங்க, 1979ல இருந்து ஓடுது. எம்பிபிஎஸ், பிடிஎஸ் படிக்கறவங்களுக்கு, இன்டர்னும் பிஜியும் அப்ளை பண்ண முடியாது. ரெண்டு மாசம், மொத்தம் 50,000 ரூபா. ஆனா கவனிங்க, காசு முன்னாடி வராது, ரிப்போர்ட் குடுத்து அவங்க அதை ஏத்துக்கிட்டப்புறம்தான் வரும், அதனால அந்த காசை நம்பி ரூம் அட்வான்ஸ் குடுத்துடாதீங்க. ஒரு கைட் ஒரு வருஷத்துக்கு ஒரு ஸ்டூடண்டைத்தான் எடுக்க முடியும், ஒரு ப்ராஜெக்டுக்கு ஒரு ஸ்டூடண்ட்தான், ஃப்ரெண்டையும் சேத்துக்கலாமான்னு கேக்காதீங்க. இதனாலதான் நல்ல கைட் எல்லாம் சீக்கிரமே புக் ஆயிடறாங்க, நோட்டிஃபிகேஷன் வந்தப்புறம் தேட ஆரம்பிச்சா லேட்டு.

நான் நர்சிங் படிக்கறேன், எனக்கு எஸ்டிஎஸ் கெடையாது. அப்ப எங்களுக்கு இதுல வேலையே இல்லயா?

இந்த கேள்வியை ரொம்ப தயங்கித் தயங்கி கேக்குறீங்க, அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன். திண்டுக்கல் மாவட்டத்துல நடந்த ஒரு ஆராய்ச்சி, 2007ல லான்செட் ஜர்னல்ல வந்துச்சு. 30ல இருந்து 59 வயசு வரைக்கும் இருக்கற பொம்பளைங்களுக்கு கர்ப்பப்பை வாய்ல அசிட்டிக் ஆசிட் தடவி, ஒரு நிமிஷம் விட்டு, வெள்ளையா மாறுதான்னு கண்ணாலயே பாக்குறது, விஐஏன்னு சொல்வோமே அதுதான். அப்படி பாத்த ஊர்கள்ல கர்ப்பப்பை வாய் கேன்சர் வர்றது 25 சதவீதம் கொறஞ்சுது, அதுல சாவு 35 சதவீதம் கொறஞ்சுது. ஒலகம் முழுக்க எடுத்துக்காட்டா சொல்ற ரிசல்ட் இது. அந்த டெஸ்ட்டைப் பண்ணது பெரிய டாக்டருங்க இல்ல, ட்ரெய்னிங் குடுத்த நர்சுங்க. டெஸ்ட்டோட தரமே அவங்க கண்ணுலதான் நின்னுச்சு. அப்பறம் எப்டி உங்களுக்கு வேலை இல்லன்னு சொல்ல முடியும்?

நடைமுறைக்கு வந்தா, நர்சிங், பார்மசி, பிசியோ பசங்களுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, உங்க கோர்ஸ்லயே இருக்கற ப்ராஜெக்டை கேன்சர் பக்கம் திருப்பிக்கறது. ரெண்டு, மெடிக்கல் காலேஜ்ல ஏற்கனவே நடக்குற ஸ்டடியில டேட்டா எடுக்குற ஆளா சேந்துக்கறது. ஃபைனல் இயர்னா தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்துல ஸ்டூடண்ட் ப்ராஜெக்ட் ஸ்கீம் இருக்கு, உங்க கோர்ஸ் அதுல வருதான்னு காலேஜ் மூலமா கேளுங்க. கீமோ போட்டுட்டு வீட்டுக்குப் போனவங்க வாந்தி மாத்திரையை ஒழுங்கா போடறாங்களா, மார்பு ஆபரேஷன் ஆனவங்களுக்கு கை வீக்கம் எவ்ளோ நாள்ல வருது, இதெல்லாம் உங்க கண்ணுக்குத்தான் தெரியும், சர்ஜன் கண்ணுக்குத் தெரியாது.

இங்க இருந்தே பண்ணலாமா, இல்ல அடையாறு, பெங்களூருன்னு போய்த்தான் ஆகணுமா?

மொத ப்ராஜெக்டை இங்கயே பண்ணுங்கன்னுதான் சொல்வேன். தர்மபுரி மெடிக்கல் காலேஜ் 2008ல வந்துச்சு, கிருஷ்ணகிரி காலேஜ் போலுப்பள்ளியில 2022 ஜனவரில தொறந்தாங்க. ரெண்டுலயும் பெத்தாலஜி ரெஜிஸ்டர் இருக்கு, சர்ஜரி, கைனக், ஈஎன்டி ஓபி இருக்கு. ஒரு பொட்டு மூளை இருந்தா ரெண்டு மாசத்துக்கு தாராளமா மேட்டர் கிடைக்கும்.

அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் ஒரு தடவையாச்சும் பாக்க வேண்டிய எடம்தான், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மா முயற்சியில 1954ல ஆரம்பிச்சது, டாக்டர் சாந்தா அம்மா கடைசி வரைக்கும் அங்கயேதான் இருந்தாங்க, 2021 ஜனவரில தவறிட்டாங்க. மாநிலம் முழுக்க யாருக்கு என்ன கேன்சர்னு பதிவு பண்ற கேன்சர் ரெஜிஸ்ட்ரி வேலையும் அங்க இருந்துதான் நடக்குது. ஓசூர், சூளகிரி பக்கத்துப் பசங்களுக்கு பெங்களூரு கித்வாய் கேன்சர் ஆஸ்பத்திரி பக்கம், பஸ் ஏறுனா போயிடலாம். ஆனா பெரிய எடத்துல ஒரு அண்டர்கிராஜுவேட்டுக்கு என்ன வேலை குடுப்பாங்கன்னு யோசிங்க. பெரும்பாலும் யாரோ ஒருத்தரோட பெரிய ஸ்டடியில ஒரு சின்ன மூலை. இங்கன்னா கேள்வியில இருந்து ரிப்போர்ட் வரைக்கும் மொத்தமும் உங்க கையில.

எனக்கு லேப்தான் புடிக்கும், செல் கல்ச்சர், ஜீன் அப்படி பண்ணலாமா?

ரெண்டு மாசத்துல செல் கல்ச்சர் கத்துக்கவே ஒரு மாசம் போயிடும், ரெண்டாவது மாசம் கன்டாமினேஷன்ல போயிடும். ஆசை இருந்தா போங்க, தப்பில்ல, நவி மும்பைல டாடா மெமோரியலோட கேன்சர் ஆராய்ச்சி மையம் ஆக்ட்ரெக் மாதிரி எடங்கள்ல ட்ரெய்னியா சேரலாம், ஆனா "கத்துக்கப் போறேன்"னு நெனச்சுட்டுப் போங்க, "கண்டுபுடிக்கப் போறேன்"னு இல்ல.

எங்க ஊர்ல ஃபுளோரைடு தண்ணி, கேன்சரும் ஜாஸ்தியா இருக்கு. இதை ப்ராஜெக்டா பண்ணலாமா?

பத்துல நாலு பேர் இதைத்தான் கொண்டு வர்றாங்க. ஆசை புரியுது. பென்னாகரம், பாலக்கோடு பக்கம் பல்லுல காவி படிஞ்ச தலைமுறையையே பாத்து வளந்தவங்க நாம, அதுக்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டமே வந்து 2013ல தொறந்தாங்க. ஆனா ஃபுளோரைடால பல்லும் எலும்பும் கெடும்ங்கறது நிரூபணம் ஆன விஷயம், கேன்சர் வரும்ங்கறது அப்படி இல்ல. உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஏஜென்சி, ஐஏஆர்சி, குடிதண்ணி ஃபுளோரைடை க்ரூப் 3ல வச்சிருக்கு, அதாவது இது கேன்சர் உண்டாக்கும்னு வகைப்படுத்தற அளவுக்கு ஆதாரம் இல்லன்னு.

அதை விடுங்க, இதை ஏன் ரெண்டு மாசத்துல பண்ண முடியாதுன்னு பாருங்க. கேன்சர் உருவாக வருஷக்கணக்கு ஆகும். இன்னிக்கு கட்டியோட வந்து நிக்கிற ஒரு அம்மா இருபது வருஷம் முன்னாடி எந்த கெணத்துத் தண்ணி குடிச்சாங்க, கல்யாணத்துக்கு முன்னாடி எந்த ஊரு, அந்த கெணத்துல எவ்ளோ ஃபுளோரைடு இருந்துச்சு, இதெல்லாம் வேணும். கெணறே இப்ப தூர்ந்து போயிருக்கும். இன்னொண்ணு, "எங்க ஊர்ல ஜாஸ்தி"ன்னு சொல்றதுக்கு அந்த ஊர்ல எத்தனை பேரு, எந்தெந்த வயசுல, அதுல எத்தனை பேருக்கு கேன்சர்னு தெரியணும். ஆஸ்பத்திரிக்கு நிறைய பேர் வர்றாங்கன்னா அந்த ஆஸ்பத்திரிக்கு வர்றாங்கன்னுதான் அர்த்தம். வயசானவங்க அதிகமா இருக்கற ஊர்ல கேன்சரும் அதிகமாத்தான் தெரியும். பிடிஎஸ் பசங்களா இருந்தா ஃபுளோரோசிஸை, அதான் அந்த பல்லு காவியை, மட்டும் தனியா எடுங்க, அருமையான டாபிக், அதுல கேன்சரை ஒட்ட வைக்காதீங்க.

அப்ப என்னதான் டாபிக் எடுக்கறது, நீங்களே சொல்லுங்களேன்?

என்னைக் கேட்டா இந்த ரெண்டு மாவட்டத்துக்கும் மொத டாபிக் தாமதம்தான். கட்டின்னு தெரிஞ்ச நாள்ல இருந்து மொத டாக்டரைப் பாக்குற வரைக்கும் எவ்ளோ நாள், மொத டாக்டர்ல இருந்து பயாப்சி, அதாவது திசு வெட்டி எடுத்துப் பாக்குற டெஸ்ட், வரைக்கும் எவ்ளோ நாள், பயாப்சி ரிசல்ட்ல இருந்து ட்ரீட்மெண்ட் ஆரம்பிக்கற வரைக்கும் எவ்ளோ நாள். இந்த மூணு எடைவெளியைத் தனித்தனியா அளந்தாலே எங்க தேங்குதுன்னு தெரிஞ்சிடும். சித்தேரி மலையில இருந்தோ அஞ்செட்டியில இருந்தோ வர்ற ஒருத்தர் மொத மெடிக்கல் ஷாப், அப்பறம் கை வைத்தியம், அப்பறம் ஒரு கிளினிக், அப்பறம் தர்மபுரி ஜிஹெச், அங்க இருந்து சேலமோ பெங்களூரோ அடையாறோன்னு சுத்தறாங்க, இந்த ரூட்டை யாரும் ஒழுங்கா எழுதி வச்சதில்ல.

இதுல ஒரு கஷ்டம் தேதி. "எப்ப இருந்தும்மா இந்த கட்டி?"ன்னு கேட்டா "கொஞ்ச நாளாத்தாம்பா"ன்னுதான் பதில் வரும். அந்த கொஞ்ச நாள் ஒரு மாசமாவும் இருக்கும், ஒன்றரை வருஷமாவும் இருக்கும். அதனால கையில ஒரு ஊர்க் காலண்டர் தயார் பண்ணிக்கிட்டுப் போகணும். "ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போனீங்களே, அப்ப இருந்துச்சா?" "மாங்கா சீசனுக்கு முன்னாடியா, காய் அடிச்சு முடிச்சப்புறமா?" "கேவுரு அறுத்தப்ப கையத் தூக்க முடிஞ்சுதா?" இப்படி கேட்டா அவங்களே கணக்குப் போட்டு, பக்கத்துல இருக்கற மருமகளையும் கேட்டு, தேதியைக் கொண்டு வந்து நிறுத்திடுவாங்க. எந்தெந்த பண்டிகையை வச்சு கேட்டீங்கன்னு ரிப்போர்ட்ல எழுதுங்க, அதுதான் உங்க மெத்தட்.

பேஷண்ட்கிட்ட பேச கூச்சமா இருந்தா பெத்தாலஜி பக்கம் போங்க. பயாப்சி கூட வர்ற ரிக்வெஸ்ட் ஃபார்மை ஒரு வருஷத்துக்கு எடுத்து வச்சு, வயசு எழுதியிருக்கா, எந்தப் பக்கம்னு எழுதியிருக்கா, எத்தனை நாளா இருக்குன்னு எழுதியிருக்கா, மருத்துவர் என்ன சந்தேகப்பட்டார்னு எழுதியிருக்கா, இவ்ளோதான் எண்ணணும். கூடவே திசு எதுல வந்துச்சுன்னும் பாருங்க. 10 சதவீத ஃபார்மலின்ல, திசுவைப் போல பத்து மடங்கு அளவுக்கு ஊத்தி வரணும். சின்ன எடங்கள்ல இருந்து சில சமயம் சலைன்ல, வெறும் உப்புத் தண்ணியில, போட்டு அனுப்பிடறாங்க, அது வந்து சேர்றதுக்குள்ள செல்லு கொழகொழன்னு ஆகி, ஸ்லைடுல ஒண்ணும் தெரியாம, அந்த நோயாளியை மறுபடி கூப்பிட்டு மறுபடி வெட்டி எடுக்கணும். மறுபடி வர்றவங்க வர்றாங்க, வராதவங்க வர்றதேயில்ல. ஒரு பாட்டில் தண்ணியால ஒரு ஆளோட மூணு மாசம் போகுது, இதை எண்ணிக் காட்டுனா எந்த டீனும் கேப்பாரு.

பிடிஎஸ் ஆளுங்களுக்கு ஹான்ஸ், குட்கா மாதிரி வாய்ல அடக்குற புகையில டாபிக். இதைப் போட்டுப் போட்டு வாய் தொறக்கறதே கொறைஞ்சிடும். 2013ல இருந்து தமிழ்நாட்டுல தடைதான், இருந்தாலும் வாயைத் தொறந்து பாத்தா தெரியுது தடை எவ்ளோ வேலை செய்யுதுன்னு. கிருஷ்ணகிரி பைபாஸ்ல நிக்கிற லாரி டிரைவருங்ககிட்ட வாய் எத்தனை மில்லிமீட்டர் தொறக்குதுன்னு ஸ்கேல் வச்சு அளந்தா அதுவே ஒரு ப்ராஜெக்ட். வெத்தலை, பாக்கு மட்டும்தானே, புகையில இல்லயேன்னு சமாதானம் சொல்வாங்க, பாக்கே தனியா ஐஏஆர்சி லிஸ்ட்ல க்ரூப் 1ல இருக்கு, அதாவது கேன்சர் உண்டாக்கும்னு உறுதியானது.

கிரானைட் குவாரி தொழிலாளர்கள், சிலிக்கா தூசி, நுரையீரல் கேன்சர்னு ஒரு டாபிக் அடிக்கடி வருது. விஷயம் உண்மை, சிலிக்காவும் க்ரூப் 1தான், ஆனா குவாரிக்குள்ள பர்மிஷன் வாங்கவே ரெண்டு மாசம் ஆயிடும். விட்டுடுங்க.

ஊர்ல சர்வே பண்ணணும்னா யார் மூலமா போறது?

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீடு வீடா போற பெண் தன்னார்வலர்கள் மூலமா. அந்தத் திட்டமே 2021 ஆகஸ்ட் 5ல நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியிலதான் ஆரம்பிச்சாங்க. ஆரம்ப சுகாதார நிலையம், பிஎச்சி, மெடிக்கல் ஆபீசர்கிட்ட மொத கடிதம் குடுங்க, அப்பறம் அவங்ககூட நடங்க. தனியா நோட்டுப் புத்தகத்தோட தெருவுல எறங்குனீங்கன்னா லோன் கலெக்‌ஷன் ஆளுன்னு நெனச்சு கதவைச் சாத்திடுவாங்க.

எத்திக்ஸ் கமிட்டி எதுக்கு சார், நாம மருந்தா குடுக்கறோம்?

பழைய ரெஜிஸ்டரைப் பொரட்டுனாலும் அது ஒருத்தரோட நோய் பத்தின விஷயம், அனுமதி வேணும். பேர், ஆஸ்பத்திரில அட்மிட் ஆனப்ப குடுக்கற ஐபி நம்பர் எதுவும் உங்க எக்ஸெல்ல இருக்கக்கூடாது, தனிக் கோட் நம்பர் போடுங்க. கமிட்டி கூடறதுக்கே டைம் ஆகும், அதனால ப்ரொபோசல் எழுதுன அன்னிக்கே அதையும் ஆரம்பிச்சுடுங்க. ரெஜிஸ்டரை செல்ஃபோன்ல ஃபோட்டோ எடுத்து க்ரூப்ல போடறது, இதைப் பண்றவங்களைக் கண்டா எனக்கு கோவம் வரும்.

கன்சென்ட் ஃபார்ம் தமிழ்ல மட்டும் போதுமா?

தர்மபுரி டவுன்ல போதும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் போனா வீட்டுல தெலுங்கு, கன்னடம்தான். தமிழ் ஃபார்மை வாசிச்சுக் காட்டுனா அந்த அவ்வா தலையை ஆட்டிட்டு கைநாட்டு வச்சிடுவாங்க, அது சம்மதம் இல்ல, மரியாதை. மூணு மொழியிலயும் எழுதி, கமிட்டிக்கிட்ட மூணையும் காட்டி, கையெழுத்து போடத் தெரியாதவங்களுக்கு சாட்சி ஒருத்தரை வச்சு வாங்குங்க.

பேஷண்டுக்கே கேன்சர்னு தெரியாது, வீட்டுக்காரங்க சொல்லலன்னா எப்டி இன்டர்வியூ பண்றது?

இதுதான் இந்த வேலையிலயே கஷ்டமான எடம், எந்த புக்குலயும் நேரா பதில் இல்ல. வார்டுக்கு வெளியவே பையன் வந்து நின்னு, "அம்மாகிட்ட வயித்துப் புண்ணுன்னுதான் சொல்லியிருக்கோம் சார், நீங்க வேற எதுவும் சொல்லிடாதீங்க"ன்னு கையைப் புடிப்பாரு. அந்த எடத்துல நீங்க ஸ்டூடண்ட், சொல்ற பொறுப்பு உங்களோடது இல்ல, மறைக்கற பொறுப்பும் உங்களோடது இல்ல. "கேன்சர் நோயாளிகளின் தாமதம்"னு பெரிசா தலைப்பு போட்ட ஃபார்மை அவங்க கையில குடுத்தீங்கன்னா முடிஞ்சுது கதை. அதுக்காக தலைப்பை மாத்தி ஏமாத்தி சம்மதம் வாங்கறதும் ஆகாது. அதனால தன் நோய் என்னன்னு தெரிஞ்சவங்களை மட்டும்தான் சேப்போம்னு ப்ரொபோசல்லயே எழுதிடுங்க, தெரியுமா தெரியாதான்னு ட்ரீட்மெண்ட் பண்ற டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டுக்கோங்க. சாம்பிள் கொறையும், பரவால்ல. எத்தனை பேரை இந்தக் காரணத்தால விட்டீங்கன்னு எண்ணி ரிப்போர்ட்ல போடுங்க, என் கணக்குக்கு மத்த டேபிளை விட அந்த ஒரு நம்பர் கனமானது.

ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சுத்தமா வராது.

சதவீதம், மீடியன்னு சொல்ற நடு மதிப்பு, ரெண்டு க்ரூப்புக்கு நடுவுல வித்தியாசம் இருக்கான்னு பாக்க ஒரு கை-ஸ்கொயர் (chi-square) டெஸ்ட், இது போதும். இந்தக் கணக்கைப் போட எபி இன்ஃபோ ஃப்ரீ சாஃப்ட்வேர். சென்னைல இருக்கற ஐசிஎம்ஆரோட தொற்றுநோயியல் நிறுவனம், என்ஐஇ, நடத்துற பேசிக் கோர்ஸ் இன் பயோமெடிக்கல் ரிசர்ச் ஆன்லைன்ல ஃப்ரீயா பாக்கலாம், சாம்பிள் சைஸ் க்ளாஸ் மட்டுமாச்சும் பாருங்க.

அமெரிக்காவுல இந்த மாதிரி ப்ரோகிராம் நெட்ல நிறைய தெரியுதே, அப்ளை பண்ணலாமா?

அங்க யூனிவர்சிட்டி கேன்சர் சென்டர்கள்ல மெடிக்கல், டென்டல், நர்சிங், பார்மசி, பப்ளிக் ஹெல்த் ஸ்டூடண்ட்ஸ் எல்லாருக்கும் சேத்தே சம்மர் ப்ரோகிராம் நடத்தறாங்க, பலதுக்கு நேஷனல் கேன்சர் இன்ஸ்டிட்யூட் ஆர்25 கிராண்ட்ல காசு வருது. அப்படி காசு வர்றதுல பெரும்பாலும் அமெரிக்க சிட்டிசனோ பெர்மனன்ட் ரெசிடென்டோதான் சேர முடியும். அப்ளிகேஷன் ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி எலிஜிபிலிட்டி வரியைப் படிங்க. ஏஜென்ட் சொல்றதைப் படிக்காதீங்க. ஆனா ஒண்ணு அவங்ககிட்ட இருந்து எடுத்துக்கலாம், எல்லா கோர்ஸ் பசங்களையும் ஒரே ரூம்ல உக்கார வைக்கறது. இங்க எம்பிபிஎஸ் ஒரு பக்கம், நர்சிங் ஒரு பக்கம், பார்மசி யாருக்குமே தெரியாம ஒரு பக்கம்.

பப்ளிஷ் பண்ணா பிஜி சீட்டுக்கு மார்க் வருமா?

நீட் பிஜில ரேங்க்தான். காசு குடுத்தா ஒரு வாரத்துல போட்டுத் தர்ற ஜர்னல்கிட்ட போகாதீங்க, அந்த காசுக்கு ஒரு நல்ல டெக்ஸ்ட்புக் வாங்குங்க. ஸ்டேட் கான்ஃபரன்ஸ்ல போஸ்டர் போடுங்க, ஆயிரம் கேள்வி கேப்பாங்க, அப்பத்தான் உங்க ப்ராஜெக்ட்ல ஓட்டை எங்கன்னு தெரியும்.

வீட்டுல கேன்சர் வார்டுக்கு போகாதேங்கறாங்க, தொத்திக்கும்னு பயப்படறாங்க.

தொத்தாது. கர்ப்பப்பை வாய் கேன்சருக்குக் காரணமான ஹெச்பிவி வைரஸ் தொத்தும், கேன்சர் தொத்தாது, அதுவும் பக்கத்துல உக்காந்து பேசறதால ஹெச்பிவி கூட வராது. உங்க அம்மாவுக்கு இதை வெளக்கிட்டு அப்படியே அவங்களுக்கு ஸ்க்ரீனிங் ஆச்சான்னும் கேட்டுடுங்க.

இன்டர்வியூ பண்றப்ப பேஷண்டே "எங்க போனா நல்லது, காசு எவ்ளோ ஆகும்"னு என்னைக் கேட்டா என்ன சொல்ல?

கேப்பாங்க, வெள்ளைக் கோட்டு போட்டிருக்கீங்கல்ல. வைத்தியம் பத்தி எதுவும் சொல்லாதீங்க, அதை அவங்க டாக்டர்கிட்ட கொண்டு போய் விடுங்க. ஆனா முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கான்னு கேளுங்க, இல்லன்னா ஆஸ்பத்திரியிலயே இருக்கற காப்பீட்டு கவுண்டரைக் கை காட்டுங்க. ட்ரீட்மெண்டுக்கு ரயில்ல போறவங்களுக்கு ஸ்லீப்பர்ல முழுச் சலுகை உண்டு, கூடப் போற ஒருத்தருக்கும் டிக்கெட்ல முக்கால்வாசி கொறையும், அதுக்கு ஆஸ்பத்திரி டாக்டர் கையெழுத்து போட்ட ஃபார்ம் வேணும், ஸ்டேஷன் ரிசர்வேஷன் கவுண்டர்ல குடுக்கணும். மொரப்பூர்ல ட்ரெயின் ஏறி சென்னைக்குப் போய் வர்ற குடும்பங்கள்ல பாதிப் பேருக்கு இது தெரியறதில்ல. அந்த ஃபார்ம் நாலஞ்சு பிரதி ஜெராக்ஸ் எடுத்து உங்க ஃபைல்லயே வச்சுக்கோங்க.